நாலு பகல், நாலு ஊர்: பேருந்திலும் ரயிலிலும் ஓட்டமாகச் சுற்றத் திட்டம் போடுவது எப்படி?

சென்னையிலிருந்து கிளம்பி தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி, மதுரை நான்கையும் நாலு பகலில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கார் வேண்டாம், அரசுப் பேருந்தும் ரயிலும் போதும். முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரையும் வண்டி நேரத்தையும் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். இந்த ஊர்களுக்கு அது மட்டும் போதாது. இங்கே பெரும்பாலான கோயில்களில் மதியம் 12, 12.30 வாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். காலை 10 மணிக்குக் கிளம்பி 1 மணிக்கு அடுத்த ஊரில் இறங்கினால், விட்டு வந்த ஊரிலும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள், வந்த ஊரிலும் கதவு சாத்தியிருக்கும். ஆகவே மொத்தத் திட்டத்துக்கும் ஒரே விதி: நடை சாத்தியிருக்கும் நேரத்தில் நீங்கள் வண்டியில் இருக்க வேண்டும்.

படி 1: எந்த ஊரை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பட்டியல் போட ஆரம்பித்ததும் ராமேஸ்வரமும் சிதம்பரமும் உள்ளே நுழையப் பார்க்கும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் போகிறது, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். போகவர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சிதம்பரம் வழியாகப் போகும் இரவு ரயில்களோ நடுநிசி தாண்டி இறக்கிவிடும், அந்த நேரத்தில் இறங்கி என்ன செய்வது? இரண்டையும் இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். ஓட்டமான பயணத்தில் ஒரு ஊரைக் கூடுதலாகச் சேர்த்தால், மற்ற ஊர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையும்.

படி 2: கிளம்பும் கிழமை

திங்கள் இரவு கிளம்பி வெள்ளி இரவு மதுரையிலிருந்து திரும்புங்கள். வெள்ளி இரவு சென்னையிலிருந்து தெற்கேயும், ஞாயிறு இரவு தெற்கேயிருந்து சென்னைக்கும்தான் கூட்டம் அலைமோதும். நாம் எதிர்த்திசையில் போகிறோம். பொங்கல், தீபாவளி வாரங்களைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள்: நாட்காட்டியில் முகூர்த்த நாள் பாருங்கள். வளர்பிறை முகூர்த்தம் என்றால் காலைப் பேருந்துகளில் நிற்கவும் இடம் இருக்காது, லாட்ஜ் அறைகளும் கல்யாண வீட்டார் கைக்குப் போயிருக்கும்.

படி 3: இரண்டு இரவு ரயில்களை மட்டும் முன்பதிவு செய்யுங்கள்

போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் இறங்கும் ஊரே வண்டியின் கடைசி நிலையமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். போகும்போது உழவன் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூரோடு நின்றுவிடும். வரும்போது பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னையோடு முடியும். அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து ஜன்னல் வழியாக ஊர்ப் பெயர் தேட வேண்டியதில்லை.

தேதியில் கவனம் தேவை. பயணச்சீட்டில் இருப்பது நீங்கள் ஏறும் நிலையத்துத் தேதி. பாண்டியனில் வெள்ளி இரவு மதுரையில் ஏறினால் வெள்ளிக்கிழமைத் தேதி. அதே வண்டியில் விழுப்புரத்தில் ஏறுகிறவருக்கு அது சனிக்கிழமை. ஏறும் நிலையத்தின் பெயரையும் ஒருமுறை படித்துவிடுங்கள், தெற்கு ரயில்கள் எல்லாமே எழும்பூரிலிருந்து கிளம்புவதில்லை, தாம்பரத்திலிருந்து கிளம்புபவையும் உண்டு.

கடைசி நேரத்தில்தான் முடிவு செய்தீர்களா? தத்கால் முந்தின நாள் திறக்கும், ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். உறுதியான தத்கால் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பி வராது.

படி 4: ஒரு தாளில் நாலு பத்தி

ஊர், இறங்கும் நேரம், நடை சாத்தும் நேரம், கிளம்பும் நேரம். பேனாவால் எழுதுங்கள், ஏன் என்பது மதுரையில் தெரியும். நிரப்பினால் இப்படி வரும்:

செவ்வாய்: விடியற்காலை தஞ்சாவூர். காலையில் பெரிய கோயில். மதியம் பேருந்து. மாலை தாராசுரம். இரவு கும்பகோணம்.

புதன்: காலை சாரங்கபாணி, ஆதிகும்பேஸ்வரர். மதியம் ரயிலில் திருச்சி. மாலை ஸ்ரீரங்கம்.

வியாழன்: காலை மலைக்கோட்டை. மதியம் பேருந்து. மாலையும் இரவும் மீனாட்சியம்மன் கோயில்.

வெள்ளி: பகல் முழுக்க மதுரை. இரவு ரயில்.

கடைசி நாளில் ஊர் மாறவில்லை, பார்த்தீர்களா? திரும்பும் ரயிலைத் தவறவிடாமல் இருக்க அதுதான் வழி. அன்றைக்கு எந்தப் பேருந்து பஞ்சரானாலும் உங்களுக்குக் கவலையில்லை.

படி 5: செவ்வாய்க்கிழமையை நடந்து பார்ப்போம்

தஞ்சாவூரில் இறங்கியதும் குளித்து உடை மாற்ற ஒரு இடம் வேண்டும். உறுதியான ரயில் சீட்டு இருந்தால் அதன் பிஎன்ஆர் எண்ணை வைத்து நிலையங்களில் உள்ள ஓய்வறைக்கு முன்பதிவு செய்யலாம். பையை கிளோக் ரூமில் வைப்பதாக இருந்தால் பூட்டுப் போட்ட பையாக இருக்க வேண்டும், பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள்.

பெரிய கோயிலுக்கு ரயிலடியிலிருந்து நடந்தே போகலாம். கிழக்குப் பார்த்த கோயில், 1010-இல் ராஜராஜன் எழுப்பி முடித்தது. காலை வெயில் கோபுர வாசல் வழியாக வந்து விமானத்தின் முகப்பில் விழுகிற நேரத்தில் பிராகாரத்தில் இருங்கள். 9 மணிக்கு மேல் வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் நடப்பது கஷ்டம், வெயில் காலத்தில் நடக்கவே முடியாது.

மதியம் கும்பகோணம் பேருந்து. சுமார் 40 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். தஞ்சாவூரில் புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, பழையது கோயிலுக்குப் பக்கம். எங்கே ஏறினால் தோது என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் அறையில் பையைப் போட்டுவிட்டு, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண்ணயருங்கள். இந்தத் தூக்கம் திட்டத்தில் கட்டாயம் இருக்கட்டும், மூன்றாம் நாள் கால் வலிக்காமல் இருப்பது இதனால்தான்.

4 மணிக்குத் தாராசுரம். சில கிலோமீட்டர்தான், ஆட்டோ போதும். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில். குதிரை இழுக்கும் தேர்போல் செதுக்கிய மண்டபம், அப்புறம் ஒரே தலையில் ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் காளையுமாகத் தெரியும் சிற்பம். ஒரு கையால் யானையின் உடலை மறைத்துப் பாருங்கள், காளை தெரியும். காளையின் உடலை மறைத்தால் யானை. அவசரப் பயணத்திலும் இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

படி 6: திருச்சியில் பேருந்து நிலையம் எது?

கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு ரயிலைச் சொல்வதற்குக் காரணம், திருச்சி ரயில் சந்திப்பு ஊருக்குள்ளேயே இருக்கிறது. முன்பதிவில்லாச் சீட்டை ரயில்வேயின் செயலியிலேயே எடுக்கலாம். ஆனால் மறுநாள் மதுரைக்குப் பேருந்து பிடிக்கப் பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்குப் போக வேண்டும். மத்தியப் பேருந்து நிலையம், சத்திரம், பஞ்சப்பூர் மூன்றும் வேறு வேறு இடங்கள். அறையை சத்திரம் பக்கம் எடுத்தால் மலைக்கோட்டைக்கு நடந்து போகலாம், ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் கிடைக்கும்.

மதுரைப் பேருந்துக்கு முன்பதிவு தேவையில்லை, ஒன்று போனால் அடுத்தது நிற்கும். கண்ணாடியில் பைபாஸ் ரைடர் அல்லது ஒன் டு ஒன் என்று எழுதியிருப்பதில் ஏறுங்கள், வழி ஊர்களுக்குள் நுழையாது. இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மதியத்துக்கு மேல் வெயில் வலப்பக்கம் அடிக்கும், இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும்.

படி 7: மதுரை

பேருந்து மாட்டுத்தாவணியில் நிற்கும். அங்கிருந்து பெரியார் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ். அறையை டவுன்ஹால் ரோடு அல்லது மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் பாருங்கள், ஒரு பக்கம் ரயில் நிலையம், மறுபக்கம் கோயில், இரண்டுக்கும் நடை. லாட்ஜில் ஒரு கேள்வி கேளுங்கள்: "24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா?" வியாழன் மாலை 4 மணிக்கு எடுத்த அறை, 24 மணி நேரக் கணக்கானால் வெள்ளி மாலை வரை உங்களுடையது.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, வாசலில் ஒப்படைக்க வேண்டும். தாளில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். இரவு நடை சாத்தும் முன் சொக்கநாதரைப் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளச் செய்யும் பள்ளியறைப் பூஜையைத் தவறவிடாதீர்கள். வியாழன் இரவை மதுரைக்கு வைத்ததே அதற்காகத்தான்.

படி 8: திரும்பும் சீட்டு காத்திருப்புப் பட்டியலில் இருந்தால்

இணையத்தில் எடுத்த சீட்டு, சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. இரவு வண்டிக்கு மதியம் வாக்கிலேயே நிலை தெரிந்துவிடும். உடனே அரசு விரைவுப் பேருந்தில் படுக்கையோ இருக்கையோ பதிவு செய்யுங்கள். மாட்டுத்தாவணியில் ஏறினால் விடியும்போது சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து முனையம். அங்கிருந்து தாம்பரம், கிண்டி வழியாக ஊருக்குள் போக மாநகரப் பேருந்துகள் அதே வளாகத்தில் நிற்கும்.