ஆர்க்கிட் தொட்டி மாற்றும்போது வேரைக் கவனியுங்கள்

ஆர்க்கிட் செடி கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது மண்ணைத்தான். ஒரு பிடி மண்கூட வேண்டாம். வீடுகளில் வளரும் டென்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ், கேட்லியா, வாண்டா எல்லாம் காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழ்பவை. மழையில் நனைந்து, அடுத்து வீசும் காற்றில் உலர்ந்துவிடும் வேர்கள் அவற்றுக்கு. மண்ணில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகிவிடும்.

நான் பயன்படுத்துவது மரக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு. எல்லாம் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை. தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள். அடியில் படிந்து காற்றை அடைப்பது அதுதான். மட்டையில் உப்பு இருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்த பிறகே போட வேண்டும்.

பூவெல்லாம் உதிர்ந்து, தண்டின் அடியில் புது வேர் நுனி பச்சையாக எட்டிப்பார்க்கும் சமயம்தான் மாற்றுவதற்குச் சரியான நேரம். வேர் நீண்டபின் மாற்றினால் கை பட்டாலே முறியும். தொட்டியோடு ஒட்டிய வேரைப் பிடுங்காதீர்கள். அரை மணி நேரம் ஊறினால் அது வளைந்துகொடுக்கும்.

இனி ஒவ்வொரு வேரையும் இரு விரல்களுக்கிடையே மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், பழுப்பேறியிருந்தாலும் உயிருள்ள வேர். நசுங்கி, மேல்தோல் உருவிக்கொண்டு நடுவில் நரம்பு மட்டும் மிஞ்சினால் செத்த வேர், வெட்டிவிடலாம். கத்தரியைத் தீயில் காட்டி, ஆறவிட்டு வெட்டுங்கள். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையிலும் இதைச் செய்தாக வேண்டும், வைரஸ் நோய் பரவும் முக்கிய வழி அந்தக் கத்தரிதான்.

தொட்டி, வேர்கள் அடங்கும் அளவுக்குப் போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயவே காயாது. டென்ட்ரோபியத்துக்கும் கேட்லியாவுக்கும் பழைய தண்டு தொட்டியின் ஓரத்தை ஒட்டியும், புதுக்குருத்து வெற்றிடத்தைப் பார்த்தும் இருக்கட்டும். ஃபலனாப்சிஸ் நடுவில். அடித்தண்டு கரிக்கு மேலேயே தெரிய வேண்டும். கடைசியில் செடியைப் பிடித்துத் தூக்கினால் தொட்டியும் கூடவே வர வேண்டும். ஆடினால் குச்சி ஊன்றிக் கட்டுங்கள். ஆடுகிற செடியின் வேர் நுனி கரியில் உரசித் தேய்ந்துபோகும், எவ்வளவு உரம் போட்டாலும் பிடிக்காது.

வெட்டுக்காயம் ஆற நாலைந்து நாள் நிழலில், தண்ணீர் ஊற்றாமல் வையுங்கள். இலையில் லேசாகத் தெளித்தால் போதும். அப்புறம் வேரே சொல்லும்: வெள்ளி போல வெளுத்திருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் பொறுங்கள். புது வேர் ஓடத் தொடங்கும்வரை உரம் கூடாது. பிறகு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கை வாரம் ஒருமுறை கரைத்து ஊற்றலாம்.

டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த தண்டைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். அது செடியின் சேமிப்பு. கெட்டியாக இருக்கும்வரை அதிலிருந்தே பூங்கொத்து வரலாம்.

செடி செழிப்பாக இருந்தும் பூக்கவில்லையென்றால் இலை நிறத்தைப் பாருங்கள். கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சைக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை கருகும். ஃபலனாப்சிஸுக்கு இரவுக் குளிர்ச்சி சில வாரம் கிடைத்தால்தான் பூந்தண்டு விடும். அது தலைகாட்டியபின் தொட்டியைத் திருப்பி வைக்காதீர்கள், பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும்.