கிருமிநாசினி தாங்கும் ரெக்சின்: வாங்கும்போதும் தைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பல் வைத்தியரின் கதிரை, டிஸ்பென்சரியின் பரிசோதனைக் கட்டில், சலூன் கதிரை, நிலாவெளி விடுதிகளின் சாய்வு இருக்கை எல்லாவற்றையும் மூடியிருப்பது ரெக்சின்தான். நாளுக்குப் பல தடவை கிருமிநாசினி மருந்து போட்டுத் துடைக்கும் இருக்கை, ஆள் இருந்து தேய்வதற்கு முன்பே விறைத்து வெடித்துவிடும். ஆனாலும் கடையில் பலர் கேட்பது நிறத்தையும் விலையையும்தான். "என் மருந்தை இது தாங்குமா?" என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

ரெக்சின் மூன்று அடுக்காலானது. அடியில் துணி, நடுவில் பி.வி.சி., மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேற்பூச்சு. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை வளையச் செய்வது அதனுள் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த் தன்மையுள்ள பொருள். மேற்பூச்சு போனால் மருந்து நேரே பி.வி.சி.யில் படும், பிளாஸ்டிசைசரும் மெல்ல வெளியேறும். முதலில் மினுக்கம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், பிறகு விறைக்கும், கடைசியில் மடியும் இடத்தில் வெடிக்கும். ஆகவே நீங்கள் காசு கொடுப்பது முதன்மையாக அந்த மேற்பூச்சுக்கே.

உரசல் எண்ணை நம்பி வாங்குவது

மாதிரிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் "1,00,000 இரட்டை உரசல்" என்று போட்டிருக்கும். அது வைசன்பீக் என்ற இயந்திரத்தில் உலர்ந்த நிலையில் துணியைத் தேய்த்துப் பார்த்த கணக்கு. பொது இடத்துக் கதிரைக்கு 30,000 போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. ஒரு லட்சத்துக்கு மேல் போகும் எண் கூடுதல் ஆயுளுக்குச் சான்றல்ல. மருந்தைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லாது. கேட்க வேண்டியவை வேறு: குளோரின் எத்தனை சதவீதம் வரை தாங்கும், எத்தனை நிமிடம் ஈரமாக இருக்கலாம், பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டுமா. இவற்றுக்கு எழுத்தில் பதில் தரும் தயாரிப்பாளரின் ரெக்சினையே எடுங்கள்.

பி.யு.வை பி.வி.சி. என்று நினைப்பது

தொட்டால் மெத்தென்று லெதர் போலிருக்கும் பி.யு. (பொலியூரிதேன்) ரெக்சின் பலருக்குப் பிடிக்கும். நம் ஊருக்கு அதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. மலிவான பொலியெஸ்டர் வகை பி.யு. காற்றின் ஈரத்திலேயே சிதைந்து, மேல்தோல் செதில் செதிலாக உரியும். கடலோர ஈரமும் வாடைக்கால மழையும் அதை விரைவாக்கும். கடையில் சுருட்டி வைத்த ரோல்கூட இப்படிக் கெட்டுப்போகலாம். பி.யு.தான் வேண்டுமென்றால் பொலிகாபனேற் வகையா என்று கேளுங்கள். 70 பாகை செல்சியஸிலும் 95 சதவீத ஈரப்பதனிலும் செய்யும் ஐ.எஸ்.ஓ. 1419 சோதனையை எத்தனை வாரம் தாங்கியது என்றும் கேளுங்கள்.

கடைக்காரருக்கே எது எதுவென்று தெரியாவிட்டால் ஒரு சிறு செப்புக் கம்பி போதும். குறட்டால் பிடித்து, பச்சைச் சுவாலை மறையும்வரை காஸ் நெருப்பில் காய்ச்சி, துண்டின் மேற்பரப்பில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுவாலை பளிச்சென்று பச்சையானால் பெரும்பாலும் பி.வி.சி. புகை தொண்டையை அரிக்கும் என்பதால் இதை வெளியில் வைத்தே செய்யுங்கள்.

மருந்தைக் கண்ணளவில் கலப்பது

நல்ல ரெக்சினையும் கெடுப்பது இதுதான். உலக சுகாதார நிறுவனம் பொதுவான மேற்பரப்புகளுக்கு 0.1 சதவீதக் குளோரினையும், இரத்தம் பெருமளவில் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதத்தையும் பரிந்துரைக்கிறது. குளோரின் திரவப் போத்தலில் 5 சதவீதம் என்று இருந்தால் 20 மில்லிலீற்றரை எடுத்துத் தண்ணீர் விட்டு 1 லீற்றராக்கினால் 0.1 சதவீதம் வரும். 0.5 சதவீதத்துக்கு 100 மில்லிலீற்றர். 70 சதவீதக் குளோரின் தூள் என்றால் 0.1 சதவீதத்துக்கு லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் அளவு. "கொஞ்சம் கூடப் போட்டால் கூடச் சுத்தம்" என்ற எண்ணத்தில் மூடி மூடியாக ஊற்றினால் கிருமிக்கு வித்தியாசம் அதிகமில்லை, மேற்பூச்சுக்கு நிறைய உண்டு. அன்றன்று கலப்பதை அன்றே முடியுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள், பிறகுதான் மருந்து. லேபலில் சொன்ன நேரம் ஈரமாக இருக்க விட்டு, சுத்தத் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு தரம் துடைத்து உலர்த்துங்கள். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியானாலும் குளோரின் கரைசலின் உப்பு மேலே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

70 சதவீத ஸ்பிரிட் விரைவாகக் காய்வதால் தீங்கற்றது போலத் தோன்றும். ஆனால் திரும்பத் திரும்பப் பட்டால் அது பிளாஸ்டிசைசரை வெளியே இழுக்கும். அன்றாடத் துடைப்புக்கு பென்சல்கோனியம் குளோரைட் போன்ற குவாட் (குவாட்டர்னரி அமோனியம்) வகை மருந்து ரெக்சினுக்கு மிதமானது. தின்னர், பெற்றோல், கம்பித் தேய்ப்பான் மூன்றும் கதிரைக்கு அருகில் வரக்கூடாது. சலூன் கதிரையில் தலை படும் இடம் முதலில் விறைப்பதற்குத் தலை எண்ணெயும் ஒரு காரணம். மருந்து போடுவதற்கு முன் அந்த இடத்தை ஒவ்வொரு நாளும் சவர்க்காரத்தால் துடையுங்கள்.

ரெக்சினை மட்டும் பார்த்து, உள்ளே இருப்பதை மறப்பது

மேலே ரெக்சின் அப்படியே இருக்க, தையல் விட்டுப்போன கதிரைகளும் உண்டு. கொட்டன் நூலையும் நைலோன் நூலையும் குளோரின் அரித்துவிடும். டெக்ஸ் 70 தடிப்புள்ள பொண்டட் பொலியெஸ்டர் நூலைக் கேட்டு வாங்குங்கள். ஊசி 18ஆம் நம்பர், உருண்டை முனை. அங்குலத்துக்கு ஆறு ஏழு தையலுக்கு மேல் போனால் முத்திரைத் தாளின் ஓட்டை வரிசைபோலக் கிழியும்.

ஒவ்வொரு தையலும் மருந்து உள்ளே போகும் வழி. ஆள் எழும்பும்போது நசுங்கிய ஸ்பொஞ்ச் விரிந்து, தையல் ஓட்டை வழியாக ஈரத்தை உறிஞ்சும். ஆகவே இருக்கும் பரப்பில் தையலும் பட்டனும் வேண்டாம், இணைப்பைப் பக்கவாட்டுக்கு இறக்குங்கள். அடிப் பலகையில் 10 மில்லிமீற்றர் அளவில் மூன்று துளையிட்டு, காற்றுப் போகும் துணியால் மூடினால் காற்று கீழ்வழியாகப் போய்வரும், தையலும் வெடிக்காது. பலகை நீர்தாங்கும் பிளைவுட்டாக இருக்கட்டும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத எவர்சில்வராக இருக்கட்டும். சாதாரணப் பின் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஓரத்தில் மண்ணிறக் கறையை ஏற்றிவிடும்.

வெளிர் நிற ரெக்சினில் சில வேளை இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும். அது மேலே பட்ட சாயம் அல்ல. ஈரமான அடித்துணியில் வளரும் நுண்ணுயிரின் நிறமி பிளாஸ்டிசைசரில் கரைந்து மேலே வருவது. எந்த மருந்தாலும் போகாது. படகிலும் விடுதி முற்றத்திலும் போடுவதென்றால், பூஞ்சணத் தடுப்பும் வெயில் தாங்கும் சேர்ப்பும் கொண்ட மரைன் வகையையே வாங்குங்கள்.

சோதித்துப் பார்க்காமல் ரோலை வெட்டச் சொல்வது

கடையில் ஒரு கைத்துண்டு கேட்டு வாங்கி, 10 சென்ரிமீற்றர் சதுரமாக மூன்று வெட்டுங்கள். ஒன்றைத் தொடாமல் வையுங்கள். மற்ற இரண்டில் ஒன்றின் மேல் உங்கள் குளோரின் கரைசலிலும், மற்றதன் மேல் ஸ்பிரிட்டிலும் நனைத்த பஞ்சை வைத்து, பொலித்தீனால் மூடி 24 மணிநேரம் விடுங்கள். கழுவி இன்னொரு நாள் உலர்த்தியபின் முதல் துண்டோடு ஒப்பிடுங்கள். விரலில் ஒட்டுகிறதா, மினுக்கம் குறைந்ததா, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஏறுகிறதா, முகம் வெளியே வர மடித்து நகத்தால் அழுத்தினால் மெல்லிய கோடு விழுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த ரெக்சின் வேண்டாம். தேர்ந்தால் அதே ரோலில் அரை மீற்றர் கூட வாங்கி, மடிக்காமல் சுருட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு பகுதி வெடித்தால் டேப் ஒட்டி மூடக்கூடாது. வெடிப்புக்குள் போன அழுக்கைத் துணியால் எடுக்க முடியாது, டேப்பின் ஓரப் பசையிலும் அழுக்கு சேரும். அந்தப் பகுதியைக் கழற்றி, வைத்திருக்கும் துண்டால் மாற்றித் தையுங்கள்.