டூயல் எனர்ஜி சிடியில் ரத்தக்குழாயைத் தெளிவாகக் காட்டுவது எப்படி?

சிடி அறைக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: 40 கேஇவி சீரீஸ் ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டால் மட்டும் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) நன்றாக வந்துவிடாது. டூயல் எனர்ஜியில் இரண்டு வேறு எக்ஸ்ரே ஆற்றலில் எடுத்து, நாம் கேட்கும் ஒரே ஆற்றலுக்கான படத்தை மெஷின் கணக்கிட்டுத் தரும்; அந்த ஆற்றலின் அளவுதான் கேஇவி. அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்து குழாயில் ஏறியிருக்க வேண்டும், கேஇவி அந்தக் குழாய்க்குப் பொருந்த வேண்டும், விண்டோவும் (திரையில் கருப்பு முதல் வெள்ளை வரை காட்டும் வரம்பு) சரியாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் படம் ஏமாற்றும்.

அயோடினின் கே-விளிம்பு, அதாவது அதன் உறிஞ்சல் திடீரென ஏறும் ஆற்றல், 33.2 கேஇவி. மேலிருந்து அதை நெருங்க நெருங்க அயோடின் அதிகமாக எக்ஸ்ரேயை உறிஞ்சும். வழக்கமான 120 கேவி (ட்யூபின் மின்னழுத்தம்) படத்துக்கு ஏறக்குறைய இணையானது 70 கேஇவி. அதில் 200 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் அடர்த்தியின் அளவு) காட்டும் தமனி, 40-க்கு இறக்கினால் 500-ஐத் தாண்டும். கூடவே நாய்ஸும் ஏறும். மணல் தூவியதுபோல் படம் சொரசொரக்கும்.

ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினினையும் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பழைய அலர்ஜியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வென்ஃப்ளானை (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) முடிந்தவரை வலது முழங்கை மடிப்பில் போடச் சொல்வேன். இடது கையில் போட்டால், மருந்து நிறைந்த சிரை மார்பின் குறுக்கே போய் பெருந்தமனிக் கிளைகள் மேல் கோடு கோடாக விழும். மருந்துக்குப் பின்னால் கட்டாயம் சலைன் தள்ளுங்கள். இல்லையென்றால் மேல் பெருஞ்சிரையில் தேங்கிய மருந்தின் கோடுகள் நுரையீரல் அயோடின் மேப்பில் (மருந்து எங்கெங்கே போனது என்று காட்டும் படம்) ரத்தம் போகாத இடம்போலத் தெரியும்.

நுரையீரல் தமனி ஸ்கேனில் மூச்சுதான் பாதி வேலை. "நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லாதீர்கள். ஆழமாக இழுத்தால் வயிற்றுப் பக்கமிருந்து மருந்து கலக்காத ரத்தம் இதயத்துக்குள் பாய்ந்து, தமனியில் மருந்து நடுவில் நீர்த்துப்போகும். "அம்மா, லேசா மூச்சு இழுத்து அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லி, படுக்கையிலேயே இரண்டு தடவை பழக்கிவிடுங்கள். உடம்பு சூடாகும், பயப்பட வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் அவர்கள் அசைய மாட்டார்கள்.

அப்புறம் மெஷின். இரண்டு ட்யூப் உள்ளதிலும், கேவியை வேகமாக மாற்றும் வகையிலும் டூயல் எனர்ஜியை ஸ்கேனுக்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணமாக எடுத்ததைப் பின்னால் மாற்ற வழியில்லை. இரட்டை அடுக்கு டிடெக்டர் உள்ள மெஷினில் இந்தக் கவலை குறைவு. இரண்டு ட்யூப் மெஷினில் இரண்டாவது ட்யூபின் பார்வைப் பரப்பு சிறியது, தலைமுறையைப் பொறுத்து 26 முதல் 35 செ.மீ. வரைதான். ஆளைச் சரியாக நடுவில் படுக்க வையுங்கள். பருமனானவர்களுக்கு 80 கேவி வேண்டாம். வெள்ளீய ஃபில்டரோடு 100/150 இருந்தால் அதையே எடுங்கள்.

ரீகன்ஸ்ட்ரக்‌ஷனில் நான் 50 கேஇவியில் தொடங்குவேன். நாய்ஸைக் குறைக்கும் புதிய மோனோஎனர்ஜெட்டிக் (ஒரே கேஇவிக்கான படத்தைத் தரும்) மென்பொருள் இருந்தால் 40 வரை தைரியமாக இறங்கலாம். பழையது என்றால் 60-70தான் நல்ல பலன் தரும். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். தமனியில் ஒரு ஆர்ஓஐ (அளவெடுக்கும் வட்டம்), பக்கத்துத் தசையில் ஒன்று வையுங்கள். இரண்டின் வித்தியாசத்தை நாய்ஸால் வகுத்தால் வரும் எண் எந்த கேஇவியில் அதிகமோ அதுதான் அந்த நோயாளிக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பயன், மருந்து சரியாக ஏறாத ஸ்கேனைக் காப்பாற்றுவது. சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்த பெரியவருக்கு இரண்டாவது தடவை ஊசி போடுவதற்கு முன், 40-லும் 50-லும் போட்டுப் பாருங்கள். பல நேரம் மங்கிய தமனி படிக்கும் அளவுக்கு எழுந்து வரும். இதே காரணத்தால் முதலிலேயே அயோடினைக் குறைத்துக் கொடுக்கவும் முடியும். எவ்வளவு என்பதை ரேடியாலஜிஸ்ட் முடிவு செய்யட்டும்.

விண்டோவை மறந்துவிடாதீர்கள். 40 கேஇவி படத்தைப் பழைய விண்டோவில் திறந்தால் எல்லாம் வெள்ளையாக எரியும், சின்ன ரத்தக்கட்டி அந்த வெளிச்சத்துக்குள் மறைந்துபோகும். அகலத்தை 1000-க்கு மேல் கொண்டுபோய், நடுப்புள்ளியையும் உயர்த்துங்கள்.

கால் தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் குறைந்த கேஇவியை மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள். சுண்ணாம்பும் சேர்ந்து பூத்து, அடைப்பு உள்ளதைவிட மோசமாகத் தெரியும். 70-லும் அதற்கு மேலும் ஒரு சீரீஸ் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டென்ட் இருந்தாலும் அப்படித்தான். எலும்பையும் சுண்ணாம்பையும் நீக்கிக் காட்டும் படம் அழகாக இருக்கும், ஆனால் முழங்காலுக்குக் கீழே மெல்லிய குழாயையும் சேர்த்து அழித்துவிடும். அதைத் தனியாக அனுப்பாமல், எலும்பை நீக்காத மெல்லிய ஸ்லைஸ் சீரீஸோடு சேர்த்து, ஒவ்வொரு சீரீஸின் பெயரிலும் கேஇவியை எழுதி அனுப்புங்கள்.