பழைய லேன் கார்டைப் புதிய விண்டோஸ் ஏற்காதபோது செய்ய வேண்டியவை

பத்தமடையில் பாய்க்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், கடைக் கணினியில் விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு விண்டோஸ் 10 ஏற்றிய மறுநாள், இணையம் வரவில்லை என்று என்னை அழைத்தார். மதர்போர்டோடு வந்த லேன் இணைப்பு முன்பே இடிமின்னலில் போய்விட்டதால், தனியாக வாங்கி, மதர்போர்டின் பி.சி.ஐ. துளையில் செருகிய லேன் கார்டுதான் (கேபிள் வழியே கணினியை இணையத்தோடு இணைக்கும் அட்டை) அதில் இருந்தது. "கார்டு போயிட்டுல்லா?" என்றார். முந்தைய நாள் வரை வேலை செய்த கார்டு, விண்டோஸ் மாற்றியவுடன் நின்றால், பெரும்பாலும் அதை இயக்க விண்டோஸுக்கு வேண்டிய டிரைவர் என்னும் மென்பொருள்தான் இல்லாமல் போயிருக்கும்.

முதலில் கேபிள் செருகும் இடத்தில் உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். அது எரியாவிட்டால் வேறு கேபிளையும் ரவுட்டரின் வேறு துளையையும் முயன்று பாருங்கள். பிறகு மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் அழுத்திச் செருகுங்கள். சாரல் காலத்து ஈரம் தூசியோடு சேர்ந்து படியும் அம்பை, தென்காசிப் பக்கத்துக் கணினிகளில் இதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து, கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். மஞ்சள் குறியோடு இருப்பதை இருமுறை கிளிக் செய்தால் ஓர் எண் தெரியும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் கார்டால் இயங்கத் தொடங்க முடியவில்லை. 52 என்றால் டிரைவர் நம்பகமானது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை.

இனி வருவதுதான் முக்கியமான படி. கார்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். கார்டை இயக்கும் சில்லான சிப், ஒரே வகையே பல பெயர்களில் விற்கப்பட்டிருக்கிறது. அதே சாளரத்தில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குச் சென்று, பட்டியலில் ஹார்டுவேர் ஐடீஸ் என்பதைத் தேர்ந்தால், தயாரிப்பாளருக்கு நான்கு இலக்கமும் சிப்புக்கு நான்கு இலக்கமுமாக ஒரு குறியீடு வரும். 8086 இன்டெலையும், 10இசி ரியல்டெக்கையும் குறிக்கும். அண்ணாச்சியின் கார்டில் 10இசி, 8139 என்றிருந்தது. நொடிக்கு 100 மெகாபிட் வரை செல்லும் இந்தச் சிப் ஒரு காலத்தில் மலிவு கார்டுகள் பலவற்றில் இருந்தது.

இணையமே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யு.எஸ்.பி. டெதரிங்கை அதில் இயக்குங்கள். முதலில் விண்டோஸ் அப்டேட்டைத் தேடவிடுங்கள். கிடைக்காவிட்டால் சிப் தயாரிப்பாளரின் தளத்தில் மட்டும் எடுங்கள். டிரைவர்களைத் தானே தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் வேண்டாதவற்றையும் நிறுவிவிடுவதால் நான் அவற்றைத் தொடுவதில்லை. 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவரே வேண்டும். விண்டோஸ் 10-க்கென்று எதுவும் இல்லையென்றால், விண்டோஸ் 7-க்கான 64 பிட் டிரைவரின் சுருக்கிய கோப்பை விரித்து வைத்து, அப்டேட் டிரைவர் வழியாக அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். அண்ணாச்சியின் கார்டு அதை ஏற்றுக்கொண்டது. எண் 52 வந்தால் கையொப்பச் சோதனையை நிரந்தரமாக அணைப்பதைவிடப் புதிய கார்டு வாங்குவதே நல்லது.

எதுவும் பலிக்காவிட்டால், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள். 8139-க்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருவதால், அங்கு இணையம் வந்தால் கார்டு நலமாக இருக்கிறது, சிக்கல் விண்டோஸில்தான் என்பது உறுதியாகும்.

இணைப்பு வந்தபின் இடையிடையே அறுந்தால், கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.