புரோகிராமிங்கா, நெட்வொர்க்கிங்கா? டிப்ளமோவைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிசல்ட் வந்த கையோடு காரைக்குடி செக்காலை ரோட்டிலும் தேவகோட்டை பேருந்து நிலையத்தைச் சுற்றியும் விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடும். ‘டிப்ளமோ இன் புரோகிராமிங், ஆறு மாதம்’, ‘ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க்கிங் டிப்ளமோ, ஒரு வருடம்’. புரோகிராமிங் என்றால் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது, நெட்வொர்க்கிங் என்றால் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது. அதே வாரம் பாலிடெக்னிக் சேர்க்கை அறிவிப்பும் வரும். அதுவும் டிப்ளமோதான், ஆனால் மூன்று வருடம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிவைத்து, எது சீக்கிரம் முடியும், எதற்குச் செலவு குறைவு என்று பார்க்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் தவறு தொடங்குகிறது. பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு வேறு.

முதலில் கேட்க வேண்டியது, சான்றிதழ் கொடுப்பது யார் என்பது. பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டிப்ளமோ, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇயின் அங்கீகாரத்தோடு, தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடப்பது. காரைக்குடி அழகப்பா பாலிடெக்னிக், செட்டிநாடு அண்ணாமலை பாலிடெக்னிக் எல்லாம் இந்த வகை. ஐடிஐயில் உள்ள ‘கோபா’ என்கிற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. அதற்கு மத்திய அரசின் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் கிடைக்கும். பட்டம் முடித்தவர்களுக்கான கணினிப் பயன்பாட்டு டிப்ளமோவான பிஜிடிசிஏவைப் பல்கலைக்கழகங்கள் தருகின்றன. மாடியில் இரண்டு அறை எடுத்து நடத்தும் மையம் தருவது அந்த மையத்தின் சொந்தச் சான்றிதழ். அது மோசம் என்று சொல்லவில்லை. அங்கே நன்றாகக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் ‘கல்வித் தகுதி: டிப்ளமோ’ என்று ஒரு விண்ணப்பத்தில் கேட்டால் அதை வைத்து நிரப்ப முடியாது.

இந்த வித்தியாசம் பின்னால்தான் கடிக்கும். மூன்று வருட டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அந்தக் கலந்தாய்வே பல ஆண்டுகள் நம் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில்தான் நடந்தது. அப்படியும் இந்த வழி உள்ளூரில் பலருக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. தனியார் மையச் சான்றிதழுக்கு இந்தக் கதவு திறக்காது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதுவும் அங்கீகாரம் பெற்ற கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ போன்றவற்றில் படித்தால்தான்.

அரசு வேலைக் கணக்கு போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் பணிக்குக் கேட்கும் கணினிச் சான்றிதழ், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ தேர்வில் தேறினால் கிடைப்பது. ஏதோ ஒரு மையத்தில் வாங்கிய டிசிஏ என்கிற கணினிப் பயன்பாட்டு டிப்ளமோ அதற்கு ஈடாகாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் செய்யும் தவறு தனி ரகம். பாலிடெக்னிக் என்றால் முதலிலிருந்து மூன்று வருடம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். உரிய பாடங்கள் படித்திருந்தால் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம். அப்புறம், தபால் வழியில் பொறியியல் டிப்ளமோ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். பொறியியல் படிப்பை அஞ்சல் வழியில் நடத்த ஏஐசிடிஇ அனுமதிப்பதில்லை.

நெட்வொர்க்கிங் பக்கம் விளம்பரத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். ‘எம்சிஎஸ்இ, சிசிஎன்ஏ சேர்த்து’ என்று இன்னும் தட்டியில் போடுகிறார்கள். முன்னது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சான்றிதழ், பின்னது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ். எம்சிஎஸ்இ சான்றிதழை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இல்லாத ஒன்றை விற்கும் இடத்தில் பாடத்திட்டம் எந்தக் காலத்தியது என்று கேட்க வேண்டியதே இல்லை. சிசிஎன்ஏ இருக்கிறது, ஆனால் அது சிஸ்கோவின் தேர்வை எழுதித் தேறினால்தான் கிடைக்கும். மையம் தரும் ‘சிசிஎன்ஏ பயிற்சி முடித்தார்’ என்ற தாள் வேறு, சிசிஎன்ஏ வேறு. அந்தத் தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. கோர்ஸ் கட்டணத்தில் அது சேருமா என்று முதலிலேயே கேளுங்கள், பெரும்பாலும் சேராது. தேறினாலும் மூன்று வருடத்தில் புதுப்பிக்க வேண்டும்.

சரி, புரோகிராமிங்கா நெட்வொர்க்கிங்கா? பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போகும் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே வேண்டாம் என்பேன். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டிப்ளமோவில் இரண்டும் வருகின்றன. எதில் மனம் போகிறது என்று படித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். ‘கோடிங் வராது, அதனால் நெட்வொர்க்கிங்’ என்று முடிவு செய்வதும் சரிப்படாது. இப்போதைய சிசிஎன்ஏ பாடத்திட்டத்திலேயே வேலைகளைப் புரோகிராம் எழுதித் தானாக நடக்கவைக்கும் ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர்களை இணைக்கும் நூறு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அமைத்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை, பைத்தான் மொழியில் நாலு வரி எழுதத் தெரிந்தவருக்குத்தான் மரியாதை. ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவிக்கான எண்), டிஎன்எஸ் (இணையப் பெயரை அந்த எண்ணாக மாற்றும் ஏற்பாடு) என்றால் என்னவென்று தெரியாத புரோகிராமரும் இதேபோல் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்.

எங்கே உட்கார்ந்து வேலை செய்யப் போகிறோம் என்று யோசிக்காமல் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவதை நிறையப் பார்க்கிறேன். புரோகிராமிங் வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கோவை. வீட்டிலிருந்தே வேலை என்பது புதிதாகச் சேருபவருக்கு எளிதில் அமைவதில்லை. நெட்வொர்க்கிங்குக்கு உள்ளூரிலேயே கை வேலை உண்டு. கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாறிய செட்டிநாட்டு வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். கனமான சுண்ணாம்புச் சுவர், முற்றத்துக்குப் பின்னால் முற்றம். முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டுக்குள் போவதற்குள் செத்துவிடும், அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டவே சிரமப்படும். கட்டுக்கு ஒன்றாக வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் வைத்து, மின்சாரமும் டேட்டாவும் ஒரே கேபிளில் போகும் பிஓஇ சுவிட்சிலிருந்து இழுக்க வேண்டும். அதையும் தேக்கு நிலைக்கதவில் ஓட்டை போடாமல், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்காமல் செய்ய வேண்டும். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் யோசித்துச் செய்பவருக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆனால் இது ஏணி ஏறும் வேலை, இரவில் ஃபோன் வந்தால் எழுந்து ஓடும் வேலை. அதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் சேர்ப்பது நல்லது.

சேருவதற்கு முன்னால் லேபை ஒருமுறை பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். வரவேற்பறை ஏசியையும் சுவரில் ஒட்டிய படங்களையும் பார்த்தால் போதாது. நெட்வொர்க்கிங் லேப் என்றால் கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி மாணவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கும் பிள்ளை ஒருவரிடம் கேபிளின் எட்டுக் கம்பிகளின் வரிசையைக் கேளுங்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று மூச்சுவிடாமல் சொன்னால் கை பழகியிருக்கிறது என்று அர்த்தம். நிஜ ரவுட்டர் குறைவாக இருந்தால் பாதகமில்லை. கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசமாகக் கிடைக்கிறது, அதையாவது திறந்து வைத்திருக்க வேண்டும்.

புரோகிராமிங் லேபில் திரை நீலமாக இருந்தால் உஷார். அது சி மொழியில் நிரல் எழுதும் டர்போ சி என்ற மென்பொருள், தொண்ணூறுகளின் சரக்கு. அதில் ‘வாய்ட் மெயின்’ என்று பழைய பாணியில் எழுதிப் பழகிய பிள்ளை வெளியே வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன வருடத்து மாணவர்கள் செய்த புராஜெக்டைக் காட்டச் சொல்லுங்கள். ‘லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ என்று ஒன்றே அட்டை மாறிப் பத்து பேர் பெயரில் இருந்தால், காசு கொடுத்து வாங்கியது என்று புரிந்துகொள்ளலாம். அரிசி ஆலைக்கு மூட்டைக் கணக்கு, மளிகைக் கடைக்கு பில் என்று ஓட்டை உடைசலோடு இருந்தாலும் பிள்ளைகளே செய்தது ஒன்று கண்ணில் பட்டால் அந்த மையத்தை நம்பலாம்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் சேர்த்து. தனியார் மையத்தில் அசல் மதிப்பெண் சான்றிதழையும் டிசியையும் கேட்டால் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு நகலே போதும்.