கேமே ஆடாதவரிடம் உங்கள் கேமைக் கொடுத்துப் பார்ப்பது எப்படி

ஒருவர் ஒரு கேமுக்குப் புதியவராக இருப்பது ஒரே ஒரு தடவைதான். அதனால் கிடைத்த ஆட்களையெல்லாம் ஒரே நாளில் தீர்த்துவிடாதீர்கள். ஐந்து பேரிடம் கொடுங்கள், திருத்துங்கள், பிறகு வேறு ஐந்து பேர். நாகர்கோவில் கல்லூரி மாணவர்கள் மட்டும் போதாது. பலர் ஆடிப் பழகியவர்கள். குளச்சலில் லூடோ தவிர எதுவும் ஆடாத அக்கா வேண்டும். கேரள எல்லையோரக் களியக்காவிளைப் பக்கம் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் வேண்டும். படங்களே வழிகாட்டுகின்றனவா என்பது அவரிடம்தான் தெரியும்.

ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, அதனால் திறக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், தொட்ட இடத்தைத் திரையில் காட்டும் ‘ஷோ டேப்ஸ்’ஸை இயக்குங்கள். அனுமதி கேட்டுத் திரையைப் பதிவு செய்தால் விரல் எங்கே தடுமாறியது என்பது பதிவில் தெரியும். ஒவ்வொருவரும் ஆடும் முன், முந்தையவர் ஆடியதைக் கேம் சேமித்து வைத்திருக்கும் சேவ் டேட்டாவை அழித்துவிடுங்கள். மறந்தால் பயிற்சிக் கட்டமே வராது.

“சோதனை கேமுக்குத்தான், உங்களுக்கு இல்ல. தோணுறதச் சொல்லிக்கிட்டே ஆடுங்க” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் மிகக் கடினம். “இல்ல மக்கா, அந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டால் அந்த இடத்தின் சோதனை அதோடு போயிற்று. இரண்டு நிமிடம் சிக்கி நின்றால், “இப்போ என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?” என்று மட்டும் கேளுங்கள். நேரம், இடம், கை செய்தது: மூன்றையும் எழுதுங்கள். முடிந்ததும் “பிடிச்சிருக்கா?” வேண்டாம்; முகத்துக்காக ஆமாம் என்பார்கள். “இதை எப்படி ஆடணும்னு எனக்குச் சொல்லிக்குடுங்க” என்றால் புரியாதது வெளியே வரும்.

அதிகம் பேர் விழும் இடம், இடது கட்டைவிரலால் நடந்துகொண்டே வலது கட்டைவிரலால் கேமராவைத் திருப்புவது. பழகியவருக்கு இது தானாக வரும். புதியவர் நின்று, திருப்பி, பிறகு நடப்பார், அதற்குள் எதிரி அடித்துவிடுவான். முதல் கட்டத்தில் கேமரா தானாகத் திரும்பட்டும். அடுத்து, எதிரியே இல்லாத அறையில் திருப்பிப் பார்க்க மட்டும் ஒரு வேலை கொடுங்கள். தாவலையும் விழுந்தாலும் சாகாத பள்ளத்தில் பழக்குங்கள். விளக்கப் பெட்டியைப் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். செய்து பார்த்தால்தான் கதவு திறக்கும்படி வையுங்கள்.

பொத்தான்கள் 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் தமிழை அப்படியே ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். அதே போன்ற இன்னொரு மென்பொருளான கோடோ 4-இல் சரியாக வரும்.

ஐவரில் மூவர் இடறிய இடத்தை முதலில் மாற்றுங்கள். ஒருவர் மட்டும் என்றாலும் மேலே போகவே முடியாமல் நின்றிருந்தால் அதையும் அதே சுற்றில் மாற்றுங்கள். அடுத்த ஐவரிடம் அந்த இடத்தைக் கடக்க ஆன நேரத்தைப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள்.