மூக்கனேரியில் நின்றபடியே உலகப் பறவைகளைப் பார்ப்பது எப்படி?

உலகத்தில் ஏறத்தாழ 11,000 வகைப் பறவைகள் இருக்கின்றன. படத்தைப் பார்த்துப் பெயரை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் சீக்கிரம் போரடித்துவிடும். அதைவிட, நம்ம ஊர்ப் பறவை ஒன்று வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்கிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டு, அதே வேலையை வேறு நாட்டில் யார் செய்கிறார்கள் என்று தேடிப் போங்கள். எனக்குத் தெரிந்து இதுதான் அலுக்காத வழி.

காலை ஆறரைக்குள் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிற மூக்கனேரிக்குப் போய்விடுங்கள். ஏரி நடுவில் இருக்கிற திட்டுகளில் சிறகை விரித்துக்கொண்டு கறுப்பாக நிற்பது நீர்க்காகம். அதன் இறகு தண்ணீரில் நனையும், அதனால் முங்கி மீன் பிடிப்பது சுலபம், ஆனால் மேலே வந்ததும் காயப்போட வேண்டும். சரி, இப்போது காலபகோஸ் தீவுகளைத் தேடிப் பாருங்கள். அங்கே இசபெலா, பெர்னாண்டினா என்ற இரண்டு தீவுகளில் மட்டும் வாழ்கிற நீர்க்காகத்துக்குப் பறக்கவே வராது. துரத்துவதற்குத் தரையில் விலங்கு இல்லை, மீனோ கரையோரமே கிடைக்கிறது, அப்புறம் எதற்குப் பறப்பது என்று தலைமுறை தலைமுறையாகச் சிறகு சிறுத்துப்போய், இன்று கிழிந்த பழைய குடை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் தண்ணீரை விட்டு ஏறியதும் அந்தக் குட்டைச் சிறகை விரித்துக் காயவைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை! மூக்கனேரியில் அந்த நிற்பைப் பார்த்த பிறகு காலபகோஸ் வீடியோவைப் பார்த்தால்தான் இதன் சுவை தெரியும்.

மாடு மேய்கிற இடத்தையும் விடாதீர்கள். மாட்டு முதுகில் கரிச்சான் உட்கார்ந்திருக்கும், கால் நடுவே உண்ணிக்கொக்கு நடக்கும், இரண்டுக்கும் குறி மாடு கிளப்பிவிடும் பூச்சிதான். ஆப்பிரிக்காவில் இதே வேலைக்குச் செக்கச்செவேலென்ற கார்மைன் பஞ்சுருட்டான் ஏறுவது இன்னொரு பறவையின் முதுகில். கானமயில் குடும்பத்தைச் சேர்ந்த, கோரி என்கிற பெரிய பறவை அது. நம் உண்ணிக்கொக்கின் ஆப்பிரிக்கச் சொந்தம் 1800களின் கடைசியில் அட்லாண்டிக்கைத் தானே தாண்டித் தென் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, காபித் தோட்ட ஓரமாக நடங்கள் (உள்ளே போவதானால் கேட்டுவிட்டுப் போங்கள்). பூவில் தேன்சிட்டைப் பார்த்ததும் ஹம்மிங்பேர்டு என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே எங்கும் கிடையாது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும், ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். வேலை ஒன்று, வம்சம் வேறு. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய உறவு வேண்டுமென்றால், பழைய கட்டடங்களைச் சுற்றிக் கத்திக்கொண்டே பறக்கிற உழவாரனைப் பாருங்கள்.

கருவிக்கு அதிகம் செலவு வேண்டாம். 8×42 பைனாகுலர் போதும், அதுகூட இரண்டாவது மாதம் வாங்கினால் போதும். மெர்லின் செயலி இலவசம், குரலைக் கேட்டே பெயர் சொல்லும், ஆனால் கண்ணால் பார்க்காமல் அது சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். வெளிநாட்டுக் குரல்களுக்கு ஜீனோ-கான்டோ இணையதளம் இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: அந்தக் குரல்களைக் காட்டில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம், கூடு கட்டுகிற காலத்தில் அதற்கு வீண் அலைச்சல்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், கால் மணி நேரம் பார்த்து, பார்த்த பறவைகளைப் பதிகிற இணையதளமான இ-பேர்டில் பதிந்தாலே நீங்களும் சேர்ந்தாயிற்று.

மலைக்கோ ஏரிக்கோ போக முடியாத நாளில், பனாமாவில் ஒரு பழத்தட்டுக்கு முன்னால் கார்னெல் பறவையியல் ஆய்வகம் வைத்திருக்கிற கேமரா நேரலையைத் திறங்கள். நமக்கு மாலை ஐந்தரை என்றால் அங்கே காலை ஏழு, பறவைகள் சாப்பிட வருகிற நேரம். டூக்கன் குடும்பத்து அரசாரி வந்தால் அதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்காமல் பழத்தை எப்படி விழுங்குகிறது என்று கவனியுங்கள், ஏனென்றால் அரசமரத்தில் டொக் டொக் என்று கூப்பிட்டபடி பழம் தின்னுகிற நம் குக்குறுவானுக்கு அது நெருங்கிய சொந்தம்.